ஊதா மிளகாய் ஏன் சிவக்கிறது?

"ஊதா மிளகாய் விதைன்னு சொல்லி வித்தாங்க. முதல்ல ஊதாவாத்தான் காய்ச்சுச்சு. இப்போ பாருங்க, செக்கச்செவேல்னு நிக்குது. ஏமாத்திட்டாங்க, செடியைப் பிடுங்கப் போறேன்." காலை நிகழ்ச்சிக்கு ஒரு நேயர் அனுப்பிய குரல்பதிவு இது.

அக்கா, பிடுங்காதீங்க!

பச்சை மிளகாய் பழுத்தால் சிவக்கிறதே, அதே கதைதான். பெரும்பாலான ரகங்களில் ஊதா என்பது காயின் நிறம், பழத்தின் நிறமல்ல. கத்தரிக்காய்த் தோலிலும், நாசி கெராபுவுக்கு நீலம் தரும் சங்குப்பூவிலும் உள்ள ஆந்தோசயனின் வகை நிறமிதான் இதிலும் இருக்கிறது. பழுக்கப் பழுக்க அது மங்கி, மஞ்சளும் சிவப்பும் தரும் கரோட்டினாய்டு நிறமிகள் எடுபடும். 'பொலிவியன் ரெயின்போ' ரகத்தில் ஊதா, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் ஒரே செடியில் ஒரே நேரத்தில் நிற்கும். தீபாவளிக்கு அதை வாசலில் வைத்தால் மின்விளக்குச் சரம் மிச்சம்.

ஆனால் வெயில் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் நிழல் மூலையில் வைத்தால் காய் பச்சையும் ஊதாவுமாக வெளிறிப்போகும். நிறத்தை நம்பிச் சம்பல் தாளிக்கவும் வேண்டாம். சூடான சட்டியில் ஊதா நிலைக்காது. பச்சையாக நறுக்கித் தயிர்ப் பச்சடியில் தூவலாம். வினிகரில் ஊறப்போட்டால் வினிகர் இளஞ்சிவப்பாகும், அதுவும் அழகுதான். ஆனால் நிறத்தைப் பார்த்துக் காரத்தை எடை போடாதீர்கள். காரம் இருப்பது உள்ளே விதையைத் தாங்கும் வெள்ளைச் சதையில்.

உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் நடக்கிறது. இணையத்தில் வானநீல மிளகாய் விதை என்று படம் போட்டு விற்கிறார்கள். அந்த மிளகாய் கணினியில் மட்டும்தான் காய்க்கும். அதோடு, மலேசியாவில் இறக்குமதி அனுமதி இல்லாமல் வெளிநாட்டு விதையை வரவழைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. எந்த நோய் எந்த விதையோடு வருமோ!

அதைவிட, கையில் உள்ள செடியிலிருந்தே விதை எடுக்கலாம். சிவந்து முற்றிய பழம்தான் அதற்குச் சரி. பக்கத்துச் சாடியில் சிலி பாடி இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். அடுத்த தலைமுறை என்ன நிறத்தில் காய்க்கும் என்று சொல்ல முடியாது. கல்யாண வீடுகளில் மிட்டாய் போட்டுக் கொடுக்கும் மெல்லிய வலைப்பை இருக்கிறதல்லவா? பூ விரியும் முன்பே மொட்டுகளை அதற்குள் விட்டுக் கட்டுங்கள். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும். கிளையை லேசாகத் தட்டிவிட்டால் போதும். விதைப் பாக்கெட்டில் எஃப்1 என்று போட்டிருந்தால் இந்தப் பாடு வேண்டாம், அந்தக் கலப்பின விதையின் பிள்ளைகள் தாயைப்போல் வராது.

பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் ஒரு நூல் கட்டுங்கள். அது பழுக்கும்வரை யாரும் கிள்ளி ரசத்தில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.