ஊதினால் பேச்சு வருமா?

பேச்சுப் பயிற்சிக்கு வரும் குழந்தையின் கையில் பல இடங்களில் முதலில் என்ன கொடுக்கிறார்கள்? காகிதக் காற்றாடி! அடுத்து ஸ்ட்ரா, பஞ்சு உருண்டை. "ஊது கண்ணா, ஊது!" எல்லாம் கையால் செய்தவை, அழகானவைதான். ஆனால் ஊதுவது பேச்சல்லவே! ஊதும்போது உதடும் நாக்கும் செய்யும் வேலை வேறு. 'க' சொல்லும்போது செய்யும் வேலை வேறு. இப்படிப்பட்ட வாய்ப் பயிற்சிகள் உச்சரிப்பைத் திருத்தும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2015-லேயே சொல்லிவிட்டது.

அப்படியானால் கத்தரிக்கோலையும் பசையையும் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம்! 'க' வராமல் 'த' சொல்லும் குழந்தைக்கு இரண்டே காகிதப் பொம்மைகள் செய்யுங்கள். ஒரு காக்கா, ஒரு தாத்தா. காக்காவைக் கேட்க நினைத்து "தாத்தா" என்றால் தாத்தாவையே எடுத்துக் கொடுங்கள். குழந்தை முழிக்கும். ஒலி மாறினால் ஆளே மாறிவிடுகிறார் என்பது அதற்கே உறைக்கும். அந்த நேரம் பார்த்து நாக்கின் பின்பகுதியைத் தூக்கக் கற்றுக்கொடுங்கள்.

பல குழந்தைகளுக்கு வாரத்தில் கிடைப்பதே ஓரிரு மணி நேரம். அதையும் ஊதியே தீர்த்துவிட்டால் பேசுவது எப்போது?