எள்ளி நகைக்கவும் இரவற் சொல்லா?

1911-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றிய தஞ்சை மண்ணிலும், தனித்தமிழ் பேசுவாரைக் கண்டவுடன் கேலி பேசக் கிளம்பும் கூட்டம் உண்டு. 'பேருந்து' என்றால் முன்பு சிரித்தனர். சிரித்தவர் பெயரரெல்லாம் இன்று பேருந்தில்தான் ஏறுகின்றனர். அது நிற்க. அவர்கள் நகைப்பதற்கு எடுத்தாளும் சொற்களே ஆராயத் தக்கன.

'கேலி' என்பது விளையாட்டைக் குறித்த வடசொல். 'பரிகாசம்', 'ஏளனம்' இரண்டும் அவ்வழியே வந்தவை. நகை பிறக்கும் களன்கள் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். அச்சொல் வீட்டிலிருக்க, கடன்பட்டேனும் பிறரை இகழ வேண்டுமாம்!

காவிரிக் கழனியில் நடவு நடும் பெண்டிர் கடன்படவில்லை. அவர்கள் செய்வது 'கிண்டல்'. களி கிண்டுபவள் அடியிற் கிடப்பதை மேலே கொணர்கிறாள். ஒருவன் மறைத்து வைத்த குறையைக் கிளறி மேலே கொணர்வதும் அத்தொழிலே. பள்ளி வாயிலை மிதியாதார் வழங்கும் இச்சொல்லின் கூர்மை, மேடையில் முழங்கும் 'பரிகாச'த்திற்கு ஏது?

'லாவணி' என்றொரு சொல்லும் உண்டு. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராத்தியர் வழி வந்தது. காமன் எரிந்தான் என ஓரணியும், எரியவில்லை என மற்றோரணியும் காமன் விழாவில் எதிரெதிர் நின்று பாடி மடக்கும். பாட்டுத் தமிழ், பாடுவோரும் கேட்போரும் தமிழர், பெயர் மட்டும் மராத்தி. அரசியலார் ஒருவரையொருவர் வைதுகொள்வதையும் இன்று 'லாவணி' என்றே எழுதுகின்றனர். 'எதிர்ப்பாட்டு' என்றால் வசையின் சுவை குன்றிவிடுமோ?

இவற்றினும் இரங்கத்தக்கது 'கலாய்த்தல்' பட்ட பாடு. இளைஞர் நாவில் நாடெங்கும் வழங்கும் இதனைத் தெருச்சொல் என்று ஒதுக்குகின்றனர் கற்றோர். 'கலாம்' என்பது பூசல். 'கலாய்த்தல்' சினத்தலும் பூசலிடுதலும். 1924 முதல் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகரமுதலியைப் புரட்டுவார்க்கு இது விளங்கும். சினம் தணிந்து நகையாயிற்று, அவ்வளவே. சொற்பொருள் இவ்வாறு நெகிழ்வது புதிதன்று. ஆயினும், 'நண்பனைக் கலாய்த்தான்' என்று மாணவன் எழுதினால், தமிழாசிரியர் சிலரே அதனை அடித்துவிட்டு, மேலே சிவப்பு மையால் எழுதுகின்றனர்: 'பரிகாசம் செய்தான்.'