வேலை விளம்பரமும் ஒரு சாட்சியமே

2020 செப்டம்பர் தொடக்கத்தில் அமேசான் நிறுவனம் தன் இணையதளத்தில் போட்டிருந்த இரண்டு வேலை விளம்பரங்களை நீக்கியது. ஒன்று 'உளவுத் தகவல் ஆய்வாளர்' பதவிக்கானது. மற்றொன்று அதற்கு மேல்நிலையில் உள்ள முதுநிலை ஆய்வாளர் பதவிக்கானது. பணியிடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரம். யாரோ உள்ளேயிருந்து கசியவிட்ட ரகசியக் கோப்புகள் அல்ல இவை. ஆள் தேவை என்று அந்நிறுவனமே ஊரறியப் போட்டவை. அவற்றை வெளியிலிருந்தவர்கள் வரிவரியாகப் படித்தபோதுதான் விவகாரம் வெடித்தது.

விளம்பரத்தில் இருந்தது இதுதான். அந்தப் பதவி நிறுவனத்தின் உலகளாவிய பாதுகாப்புப் பிரிவில் இயங்கும் உளவுத் தகவல் குழுவைச் சேர்ந்தது. தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைப்பதை நிறுவனத்துக்கு எதிரான 'அச்சுறுத்தல்' என்று அது குறிப்பிட்டது. அதுபற்றி ஆய்வு செய்து, ஊழியர் உறவுப் பிரிவின் ஏழாம் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள பொறுப்பாளர்களுக்கு, அதாவது வழக்கறிஞர்களுக்கு, விளக்க வேண்டும். நிறுவனத்துக்கு எதிரான பிரச்சாரங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கண்காணிக்க வேண்டும். ராணுவம், காவல்துறை, உளவு அமைப்பு போன்றவற்றில் பெற்ற முன்அனுபவம் தகுதியாகக் கேட்கப்பட்டது.

இந்தச் சில வரிகளை வைத்தே அந்தக் குழுவின் வரைபடத்தைப் போட்டுவிடலாம். ஆய்வாளர் அமர்ந்திருப்பது பாதுகாப்புப் பிரிவில். அவருடைய அறிக்கை போய்ச் சேருவது வழக்கறிஞர்களின் மேசைக்கு. ஒரே வேலைக்கு இரண்டு நிலைகளில் ஆள் எடுக்கப்படுவதால் இது மேல், கீழ் என்று அடுக்கு உள்ள ஒரு குழு. பாதுகாப்பு என்றதும் வாசலில் நின்று திருடனைத் தடுக்கும் காவலாளிதான் நம் நினைவுக்கு வருவார். இங்கே காவலாளியின் கண் உள்ளே வேலை செய்பவர்கள் பக்கமும் திரும்பியிருக்கிறது.

அமேசான் என்ன சொன்னது? அந்த விளம்பரம் பதவியைச் சரியாக விவரிக்கவில்லை, தவறுதலாக வந்துவிட்டது, திருத்திவிட்டோம் என்றது. அதே ஆண்டு நவம்பரில் வைஸ் என்ற செய்தி நிறுவனம், அமேசானின் பாதுகாப்புப் பிரிவு ஐரோப்பாவில் தொழிற்சங்க நடவடிக்கைகளைக் கண்காணித்ததாகக் காட்டும் உள் ஆவணங்களை வெளியிட்டது. பிங்கர்ட்டன் என்ற துப்பறியும் நிறுவனத்தின் பெயரும் அவற்றில் இருந்தது. விலையுயர்ந்த சரக்குகளின் பாதுகாப்புக்கே பிங்கர்ட்டனைப் பயன்படுத்துகிறோம், கிடங்கு ஊழியர்களை உளவு பார்க்க அல்ல என்று அமேசான் மறுத்தது. இரு தரப்பையும் முன்வைத்தே நாம் எடைபோட வேண்டும்.

அமெரிக்கக் கிடங்கில் நடப்பது நமக்கெதற்கு என்று கேட்கலாம். மினசோட்டா மாநிலத்தின் ஷாகோபீ கிடங்கில் வேலை செய்த சோமாலி முஸ்லிம்கள் 2018 டிசம்பரில் திரண்டு போராடினார்கள். தொழுகைக்கு நேரம், ரமளானில் வேலைச்சுமைக் குறைப்பு ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகளில் இருந்தன. தொழுகைக்கு நேரம் தருகிறோம் என்றது நிறுவனம். 2020-இன் விளம்பரம் அவர்களைக் குறிவைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதையே அச்சுறுத்தல் என்று ஒரு நிறுவனம் எழுதும்போது, தொழுகைக்காக ஒன்றுசேர்ந்தவர்களும் அந்தச் சொல்லுக்குள் வரக்கூடும். அந்த ஆய்வாளர் நாற்காலியில் நம் வீட்டுப் பிள்ளையே போய் அமரவும்கூடும். சம்பளத்தையும் ஊரையும் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பும் பெற்றோருக்கு அது தெரியவே தெரியாது.

ஒரு செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவடையுங்கள் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை. அதே அத்தியாயம் வீண் சந்தேகத்தையும் பிறர் குறைகளைத் துருவுவதையும் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நடக்கும் முறையை ஃபிக்ஹ் அறிஞர்கள் 'கரீனா' என்ற தலைப்பில் பேசுகிறார்கள். கரீனா என்றால் சூழ்நிலைச் சான்று. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் சட்டை இரண்டு முறை சான்றாக வருகிறது. சகோதரர்கள் இரத்தம் பூசிக் கொண்டுவந்த சட்டை பொய்ச் சான்று. யஅகூப் (அலை) அவர்கள் அதை நம்பவில்லை. பின்னால் கிழிந்த சட்டையோ யூசுஃப் (அலை) குற்றமற்றவர் என்பதைக் காட்டியது. சான்றைக் கண்டதும் தீர்ப்புச் சொல்லாமல், அது எப்படிக் கிழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வேலை விளம்பரத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். யாருக்குக் கீழே வேலை? வேலையின் பலன் எந்தப் பிரிவுக்குப் போகிறது? அதே குழுவின் பெயர் வேறு எந்த விளம்பரங்களில் வருகிறது? அவற்றைப் பக்கத்தில் வைத்தால் குழுவின் அளவும் அடுக்கும் ஓரளவு தெரியும். ஒரே பதவிக்குத் திரும்பத் திரும்ப ஆள் தேடினால், நிறுவனம் வளர்கிறது என்றும் பொருள்கொள்ளலாம், ஆட்கள் நிற்காமல் போகிறார்கள் என்றும் பொருள்கொள்ளலாம். அதனால் ஒரு விளம்பரத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஊகத்தை உண்மையென்று வாட்ஸ்அப்பில் பரப்புவதும் கூடாது. நிறுவனம் தானாகக் காட்டியதைப் படிப்பது விசாரணை. அங்கே வேலை செய்யும் தனி மனிதர்களின் பக்கங்களைத் துருவுவது 'தஜஸ்ஸுஸ்', தடுக்கப்பட்ட செயல்.

இந்தப் பழக்கம் உயிரையும் காக்கும். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் விற்பனை, சந்தைப்படுத்தல் அதிகாரி' வேலை என்று சமூக ஊடக விளம்பரங்கள் மூலமும், இந்தியாவிலும் துபாயிலும் இருக்கும் ஏஜெண்டுகள் மூலமும் கணினி தெரிந்த இளைஞர்கள் ஏமாற்றப்படுகிறார்கள், எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோய் அடைத்துவைக்கப்படுகிறார்கள் என்றது அது. அங்கே அவர்களுக்குக் காத்திருந்த வேலை இணைய மோசடி. அப்படிச் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. எந்தப் பொருளை விற்க வேண்டும், மேலாளர் யார், அலுவலகம் எந்தத் தெருவில் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாத விளம்பரம் எதையோ மறைக்கிறது. வெளிநாட்டு வேலை என்றால், ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மணமகன் வீட்டைப் பற்றி நான்கு பேரிடம் விசாரிக்காமல் நாம் நிக்காஹ் பேசுவதில்லை. பிள்ளையின் ரிஸ்க்கு எந்த வாசல் வழியாக வருகிறது என்பதும் அதே அளவு விசாரணைக்கு உரியது. அடுத்த முறை உங்கள் மகனோ மகளோ ஒரு வேலை விளம்பரத்தைக் காட்டினால், சம்பள வரியைக் கடந்து முழுவதையும் சேர்ந்து படியுங்கள். "இந்த வேலையால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீங்கு?" என்று கேளுங்கள். பதில் விளம்பரத்தில் இல்லையென்றால் நேர்காணலில் கேட்கட்டும். ஹலாலான, பரகத் நிறைந்த ரிஸ்க்கை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தருவானாக!