ஏழு புளியங்கொட்டை எடு!

எல்.கே.ஜி. படிக்கும் பிள்ளை நூறு வரை கடகடவென்று ஒப்பிப்பதை விருந்தாளிகள் முன் அரங்கேற்றாத பெற்றோர் குறைவு. அடுத்த முறை ஒரு கிண்ணம் புளியங்கொட்டையை நீட்டி, "ஏழு எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இது மந்தபுத்தி அல்ல. எண்களின் பெயரை வரிசையாகச் சொல்வது ஒரு திறமை. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த எண்ணிக்கை என்று புரிவது வேறு திறமை. 1978-ல் ராஷெல் கெல்மனும் காலிஸ்டலும் எழுதிய நூல் இதை விளக்கியது. முதலாவது வந்து பல மாதங்கள் கழித்தே இரண்டாவது வரும். நமது மழலையர் பள்ளிகளில் பலவற்றுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அதற்குள் பென்சிலைத் திணித்துவிடுகின்றன.

மாற்று வழி பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பதிக்கு மேற்கே, 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகில் இருக்கிறது ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷிவேலி. வசதியான வீட்டுப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளி என்றுதான் அதற்குப் பெயர். ஆனால் சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக பத்மநாப ராவ், ராமா தம்பதி அங்கே உருவாக்கியது முற்றிலும் வேறு சரக்கு. பாடப்புத்தகத்தைப் பிரித்து அட்டைகளாக்கினார்கள். அட்டைக்கு அட்டை படச் சின்னம். சுவரில் 'கற்றல் ஏணி'. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் சின்னத்தைப் பார்த்துத் தன் அட்டையை எடுத்துக்கொள்ளும். அறுவடைக்காகப் பத்து நாள் வராவிட்டாலும் விட்ட படியிலிருந்தே தொடரலாம்.

அங்கே நடக்கும் 'மெட்ரிக் மேளா' இன்னும் சுவாரசியம். குழந்தைகள் கடை போடுகிறார்கள். நிறுக்கிறார்கள், அளக்கிறார்கள், காசு எண்ணுகிறார்கள். வாங்க வருவது ஊர்க்காரர்கள். சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால் எந்தப் பாட்டி சும்மா விடுவாள்?

தமிழ்நாடு இந்த முறையைக் கடன் வாங்கியது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் ஆரம்பித்த 'செயல்வழிக் கற்றல்', நான்கே ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. வேகம் அதிகம்தான். அட்டைகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம். தரையில் குழந்தையோடு உட்கார்ந்து அது எண்ணி முடிக்கும்வரை காத்திருக்கும் ஆசிரியரை அப்படி அனுப்ப முடியாது.

இத்தனைக்கும் நம் மொழி குழந்தையின் பக்கம் இருக்கிறது. இருபத்தொன்றில் இருபதும் ஒன்றும் காதில் விழுகின்றன. ஆங்கிலத்தின் 'லெவன்', 'ட்வெல்வ்' எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. இந்தியிலோ நூறு வரை கிட்டத்தட்ட ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தாக வேண்டும். நம்மிடமும் தொண்ணூறு குறும்பு செய்கிறது: நூறு வருவதற்கு முன்பே நூறு என்று முடிகிறது.