உட்காரச் சொல்லும் அதிகாரம் யாரிடம்?

பட்டுச்சேலை எடுக்கப் போகிற நமக்குக் கடையில் மெத்தையோ ஸ்டூலோ போட்டு உட்கார வைப்பார்கள். எதிரே சேலைகளை விரித்து, மடித்து, முந்தானை பிடிக்கவில்லை என்றால் அடுத்ததை விரிக்கிற பெண் மட்டும் நிற்பார். காலையில் கடை திறக்கும்போது நிற்கத் தொடங்கியவர் அவர். ஆடி, தீபாவளி, பொங்கல் என்று விற்பனை சூடு பிடித்துவிட்டால் இரவு ஷட்டர் இறங்கும்வரை அதே நிலைதான்.

இப்படி நிற்க வைப்பது 2021 முதல் தமிழ்நாட்டில் சட்டவிரோதம். அந்த ஆண்டு, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கடை, நிறுவனம் எதுவானாலும் ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்கிறது அது. அப்போது பாராட்டப்பட்ட திருத்தம். ஆனால் சேலைத் தளத்துக்கு இன்று போய்ப் பாருங்கள். இருக்கை இல்லாத கடைகள் உண்டு. இருந்தும் அதில் யாரும் உட்காராத கடைகளும் உண்டு. இரண்டாவது வகைதான் நம்மை அதிகம் யோசிக்க வைக்க வேண்டும்.

‘வாய்ப்பு கிடைக்கும்போது’ என்கிறது சட்டம். அந்த வாய்ப்பு வந்துவிட்டது என்று முடிவு செய்வது யார்? சூப்பர்வைசர். கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளி. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட, உட்கார்ந்திருக்கும் ஊழியரைச் சோம்பேறி என்றே எடைபோடும் பழக்கம் கடைகளில் ஊறிப்போயிருக்கிறது. நமக்கும் அதில் பங்கு உண்டு. நாம் உள்ளே நுழையும்போது ஒரு பெண் எழுந்து நிற்காவிட்டால் முகம் சுளிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! வங்கியில் பணம் எண்ணுபவர் உட்கார்ந்தபடி நம்மிடம் பேசினால் மரியாதைக் குறைவாகத் தோன்றுவதில்லையே.

இது நேற்று முளைத்த கோரிக்கை அல்ல. மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று இங்கிலாந்துக் கடைகளுக்கு 1899-லேயே சட்டம் வந்தது. இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் 1948, நின்று வேலை செய்யும் ஆலைத் தொழிலாளிக்கு இருக்கை தரச் சொன்னது. தமிழ்நாட்டுக் கடை ஊழியருக்கு அதே உரிமை வந்து சேர மேலும் 73 ஆண்டுகள் ஆயின. ஆலையில் சங்கம் இருந்தது. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து, முதலாளி நடத்தும் விடுதியில் தங்கி, அவர் போடும் சாப்பாட்டைச் சாப்பிடும் பெண்ணுக்கு எந்தச் சங்கம்? புகார் சொன்னால் வேலையோடு தலைக்கு மேலிருக்கும் கூரையும் அன்றைக்கே போய்விடும். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் 2010-ல் இந்த வாழ்க்கையைக் காட்டியது. பார்த்துக் கலங்கினோம், பிறகு அதே தெருவுக்குத் துணி எடுக்கப் போனோம்.

கேரளத்தில் இந்த உரிமை கேட்டுப் பெறப்பட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, கடைப் பெண்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ அமைப்பைத் தொடங்கியபோது முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு வந்தது உட்காரும் போராட்டம். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு அதைப் பின்பற்றியது. சட்டத்தை வாங்கிக்கொண்டோம், அதன் பின்னாலிருந்த அமைப்பை வாங்கவில்லை.

கழிப்பறையும் இருக்கையும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள். போக அனுமதி கேட்க வேண்டும், போனால் நேரம் கணக்கிடுவார்கள் என்றால் பெண்கள் செய்வது ஒன்றுதான்: தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று அதன் விலை. மாதவிலக்கு நாட்களில் நிற்பதன் கொடுமையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. நரம்பு சுருண்ட கால்களும் இடுப்புவலியும் முப்பது வயதுக்குள் வந்துவிட்டால், அந்த வைத்தியச் செலவைக் கடை ஏற்பதில்லை.

இடமில்லை என்கிறார்கள் வணிகர்கள். பெருநகரத்தில் சதுர அடிக்கு என்ன வாடகை என்பது தெரிந்ததுதான். ஆனால் வாடிக்கையாளருக்கு மெத்தை போட இடமிருக்கும் தளத்தில், கவுன்ட்டருக்குப் பின்னால் மடக்கு ஸ்டூல் ஒன்றுக்கு இடம் இல்லாமல் போகாது.

எனவே அரசு விதிகளைக் கூர்மையாக்க வேண்டும். இருக்கை சாப்பாட்டு அறையில் இருந்தால் போதாது, ஊழியர் நிற்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். மணிக்கு இத்தனை நிமிடம் என்று உட்காரும் நேரம் எழுதப்பட வேண்டும்; உட்கார்ந்ததற்காகச் சம்பளம் பிடிப்பதும் திட்டுவதும் தனிக் குற்றமாக வேண்டும். இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க அவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்றது 2022 அரசாணை. முதலாளியின் விடுதியில் தூங்குபவர் போடும் கையெழுத்தை மட்டும் நம்பி அதிகாரிகள் திரும்பிவிடக் கூடாது.

தொழிலாளர் துறை ஆய்வர்கள் கடை வெறிச்சோடிக் கிடக்கும் காலை நேரத்தில் போய் நாற்காலிகளை எண்ணுவதில் பயனில்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை, முன்னறிவிப்பின்றிப் போகட்டும். சூப்பர்வைசர் இல்லாத இடத்தில், பெயர் எழுதிக்கொள்ளாமல் பெண்களிடம் பேசட்டும். எந்தக் கடையில் என்ன கண்டார்கள் என்பதைத் துறை வெளியிடட்டும். அபராதம் ஊழியர் எண்ணிக்கைக்கு ஏற்ப உயரட்டும். பெரிய கடைக்கும் பெட்டிக்கடைக்கும் ஒரே தொகை என்றால் பெரிய கடை அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடும்.