தீர்ப்புகளுக்கு உள்தலைப்புகள் தேவை

கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-ல் அளித்த தீர்ப்பு ஏறத்தாழ 700 பக்கங்கள் கொண்டது. வழக்கை விசாரித்தவர்கள் 13 நீதிபதிகள். அவர்கள் எழுதியவை 11 தனித்தனித் தீர்ப்புரைகள். அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் நாடாளுமன்றம் கைவைக்க முடியாது என்ற கோட்பாடு 7-க்கு 6 என்ற பெரும்பான்மையில் நிலைபெற்றது. நாட்டின் போக்கையே தீர்மானித்த அந்த முடிவை இத்தனை பக்கங்களுக்குள் தேடிப் பிடிப்பது சட்டம் படித்தவர்களுக்கே எளிதன்று.

நிலத் தகராறுக்காக நீதிமன்றப் படியேறியவரின் நிலை இன்னும் கடினம். கையில் கிடைக்கும் நாற்பது பக்கத் தீர்ப்பில் அவர் தேடுவது மூன்றே செய்திகள்தாம்: கீழமை நீதிமன்றம் என்ன சொன்னது, இந்த நீதிமன்றம் என்ன உத்தரவிட்டது, ஏன் உத்தரவிட்டது. ‘சொத்து மனுதாரருக்கே உரியது’ என்று ஒரு பத்தியில் இருக்கிறது. அது மனுதாரரின் வழக்கறிஞர் வைத்த வாதமா, கீழமை நீதிமன்றத்தின் கருத்தா, இந்த நீதிபதியின் முடிவா? முன்னும் பின்னும் பல பக்கங்களைப் படித்தால்தான் விளங்கும். வாதத்தைத் தீர்ப்பென்று எண்ணி மேற்கோள் காட்டினால், அந்தப் பிழை அடுத்த வழக்குக்கும் போய்ச் சேரும்.

இந்தச் சிக்கலைக் கணினியைக் கொண்டு தீர்க்க முயன்ற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். சென்னை ஐஐடியைச் சேர்ந்தவர்கள் 2006 முதலே தீர்ப்பின் வாக்கியங்களை ஏழு வகைகளாகப் பிரிக்கும் முறையை உருவாக்கி ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் உச்ச நீதிமன்றத்தின் 50 தீர்ப்புகளை எடுத்துக்கொண்டு 2019-ல் இதே பணியை மேலும் முன்னெடுத்தார்கள். 2022-ல் ‘ஓப்பன்நியாய்’ குழு 354 இந்தியத் தீர்ப்புகளைக் கொண்ட தரவுத் தொகுப்பை வெளியிட்டது. பைத்தான் மொழியில் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் நூலகம் ஒன்றையும் தந்தது.

ஆங்கிலத் தீர்ப்பை உள்ளிட்டால் அந்த நூலகம் அதை வாக்கியம் வாக்கியமாகப் பிரிக்கிறது. பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் அடையாளம் இடுகிறது. வழக்கின் உண்மைகள், கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பு, எழுவினா (நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்வி), மனுதாரர் வாதம், எதிர்மனுதாரர் வாதம், ஏற்ற முன்தீர்ப்பு, ஏற்காத முன்தீர்ப்பு, நீதிமன்றத்தின் ஆய்வு, முடிவுக்கு ஆதாரமான காரணம், இறுதி உத்தரவு உள்ளிட்ட 12 வகைகள் உண்டு. எதிலும் சேராதவற்றுக்குத் தனி அடையாளம். ஒரு வாக்கியத்தை மட்டும் தனியே பார்த்தால் அது வாதமா முடிவா என்று தெரியாது. அதனால் முன்பின் வாக்கியங்களையும் சேர்த்து எடைபோட்டுத்தான் நிரல் முடிவு செய்கிறது. தரவுக்கான அடையாளங்களைக் கையால் இட்டுக் கொடுத்தவர்கள் சட்டக் கல்லூரி மாணவர்கள்.

பாராட்டத்தக்க உழைப்பு இது. ஆனால் நிரல் செய்வது ஊகம், ஊகம் தவறலாம். எது ஆய்வு, எது முடிவுக்கு ஆதாரமான காரணம் என்பதில் சட்டம் படித்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வருகிறது. எழுதும் நேரத்தில் நீதிபதிக்கு அந்த ஐயம் இல்லை. தான் எடுத்துரைப்பது வழக்கறிஞரின் வாதம், தான் சொல்லப்போவது தீர்ப்பு என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். அந்தத் தெளிவை ஒரு வரித் தலைப்பாகத் தாளில் இட்டுவிட்டால், பின்னால் எந்திரம் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சட்டத்தின் நோக்கமும் இதுவே. வழக்கின் சுருக்கம், எழுவினாக்கள், அவற்றின் மீதான முடிவு, முடிவுக்கான காரணங்கள் ஆகிய நான்கும் தீர்ப்பில் இருக்க வேண்டும் என்று 1908-ம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று புரியவே இல்லை என்ற நிலையில், 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்தப் பொருளை விரிவாகப் பேசியது. பத்திகளுக்கு எண் இட வேண்டும், நீண்ட தீர்ப்புகளுக்குப் பொருளடக்கம் தர வேண்டும் என்று அது வலியுறுத்தியது.

தலைப்புகள் வந்தால் நீதிபதியின் நடையும் சுதந்திரமும் கட்டுப்படும் என்று சிலர் அஞ்சலாம். 2019-ம் ஆண்டின் அயோத்தித் தீர்ப்பு 1,045 பக்கங்கள் கொண்டது. அதன் தொடக்கத்தில் பொருளடக்கம் இருக்கிறது; பகுதிகளுக்குத் தலைப்பும் பத்திகளுக்கு எண்ணும் இருக்கின்றன. தீர்ப்பை ஏற்பவரும் மறுப்பவரும் குறிப்பிட்ட பத்தியைச் சுட்டி விவாதிக்க முடிந்ததற்கு இந்த அமைப்பு உதவியது. அதை எழுதிய ஐந்து நீதிபதிகளின் சுதந்திரத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

தமிழ்நாட்டுக்கு இது கூடுதல் பயன் தரும். உச்ச நீதிமன்றம் 2019 முதல் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழிலும் வெளியிடுகிறது. மூலத்திலேயே பகுதிகள் பிரிந்திருந்தால், முழுத் தீர்ப்பின் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் காரணங்களையும் இறுதி உத்தரவையும் முதலில் மொழிபெயர்த்து மக்களிடம் சேர்க்கலாம். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் எழுதப்படும் தீர்ப்புகளோ, ஆங்கிலத்தில் பயிற்றுவிக்கப்பட்ட இந்த நிரலின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றில் நீதிபதியின் கையால் இடப்படும் தலைப்பே இப்போதைக்கு நம்பத்தக்க வழி.

உயர் நீதிமன்றங்கள் இதற்குப் புதிய சட்டத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சுற்றறிக்கை ஒன்று போதும். உண்மைகள், இருதரப்பு வாதம், எழுவினா, காரணங்கள், உத்தரவு என்ற ஐந்து தலைப்புகளைத் தட்டச்சுப் படிவத்திலேயே சேர்த்துவிடலாம். சட்டம் இடம் தரும் இடங்களில் கீழமை நீதிமன்றங்களுக்கும் அதே படிவத்தை அனுப்பலாம். ஏற்கெனவே குவிந்துள்ள பழைய தீர்ப்புகளை நிரலிடம் ஒப்படைத்து, ‘இந்தப் பகுப்பு எந்திரம் செய்தது, சரிபார்க்கப்படவில்லை’ என்ற குறிப்புடன் நீதிமன்ற இணையதளங்களில் வெளியிடலாம். சென்னை உயர் நீதிமன்றம் இதை முதலில் தொடங்க வேண்டும்.