இரும்பு சேர்த்து வைத்த இணை

சேலத்தை அடுத்த கஞ்சமலைக் கல்லருகே காந்தத்தைக் கொண்டுசென்றால் ஒட்டிக்கொள்ளும். மாக்னடைட் என்னும் இரும்புத் தாது அது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரும்பும் காந்தமும் உடன்பிறப்புகள். இந்த உறவுக்காகவே மீக்கடத்தல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இரும்பை ஒதுக்கி வைத்திருந்தனர். காந்தத் தன்மை எலக்ட்ரான் இணையைப் பிரித்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

2008-இல் ஜப்பானின் ஹொசோனோ குழு அக்கணக்கைப் புரட்டிப் போட்டது. இரும்பும் ஆர்சனிக்கும் கொண்ட சேர்மம் ஒன்று 26 கெல்வினில் மின்தடையை இழந்தது. அவ்வாண்டே அவ்வினச் சேர்மங்கள் 55 கெல்வினைத் தொட்டன!

அங்கே எலக்ட்ரான்கள் எவ்வாறு இணைகின்றன? எங்கள் பாடநூல் 1957-ஆம் ஆண்டின் பி.சி.எஸ். கொள்கையோடு நின்றுவிடுகிறது. ஓர் எலக்ட்ரான் செல்லும் வழியில் நேர் அயனிகள் சற்றே நெருங்க, அவ்விடம் மற்றோர் எலக்ட்ரானை ஈர்க்கும் என்கிறது. இரும்புச் சேர்மங்களுக்கு இந்த அதிர்வு மட்டும் போதாது. எலக்ட்ரான்களின் தற்சுழற்சி ஏற்ற இறக்கங்களே தரகு வேலை பார்க்கின்றன என்போர் பலர். அதாவது, விலக்கு விசையிலிருந்தே பிணைப்பு! ஆர்பிட்டால்களுக்கே பெரும்பங்கு என்று வாதிடுவோரும் உண்டு. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

வராததால்தான் இது பாடத்தில் இடம்பெற வேண்டும் என்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விடை தெரிந்த கணக்குகளையே தந்துகொண்டிருந்தால், அறிவியல் யாரோ எங்கோ முடித்துவிட்ட வேலை என்றுதானே என் போன்றோர் எண்ணுவோம்? 1987-இல் ஆண்டர்சனோடு சேர்ந்து தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளுக்குக் கொள்கை வகுத்தவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. பாஸ்கரன். பாடநூலில் அவர் பெயரும் இல்லை.

“இரும்பில் எலக்ட்ரான்களை இணைப்பது எது? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக” என்று பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினா கேட்கட்டும். விடைத்தாள் திருத்துவோர் பாடு சற்றுத் திண்டாட்டம்தான்.